தெமோதரையில் நான் இறக்கிவிட்ட அம்மா

போன கிழமை என் பழைய மாணவி ஒருத்தி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழுப்பேறிய தாள், தட்டச்சு எழுத்து, மேலே என் பெயர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த காலத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒப்படைக் கட்டுரை. அவளும் இப்போது அதே துறையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எந்த மூலையில் கிண்டி எடுத்தாளோ, குரல்பதிவும் ஒன்று அனுப்பியிருந்தாள். "சார், இந்த அம்மா கடைசியா சொல்றது எவ்வளவு அழகா இருக்கு! அப்படியே என் கட்டுரையில எடுத்துப் போடட்டுமா?"

மற்றதையெல்லாம் எடு, கடைசிப் பத்தியை மட்டும் தொடாதே, அது நானே இட்டுக்கட்டியது என்று பதில் எழுதினேன். "ஏன் சார் அப்படி செஞ்சீங்க?" என்று கேட்டாள். படிப்பித்த பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாடக் குறிப்புகளை ரோணியோ மெஷினில் பிரதி அடித்துக் கொடுப்பார்கள். மை காயாத தாளுக்கு ஒரு வாசம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியும் மௌரியர் ஆட்சியும் எனக்கு இன்றைக்கும் அந்த வாசத்தில்தான் ஞாபகம் வரும். கோடித் துணிக்கும் கிட்டத்தட்ட அதே வாசம்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் பதுளை பசாரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். வருகிறவர்களுக்குச் சேலையை விரித்துக் காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்று போனதும் மடித்து வைக்க வேண்டும். மடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பட்டம் அதுதான்.

அந்தக் கடைதான் எனக்கு வினையாகவும் போனது. பல்கலைக்கழகத்தில் முதல் கிழமை, அறைத்தோழன் சுதாகர் கேட்டான்: "வீட்டுல என்ன செய்றாங்க மச்சான்?" அவன் கொழும்புப் பிள்ளை, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். "பதுளையில துணிக்கடை" என்றேன். பொய் முழுதாகச் சொல்லவில்லை பாருங்கள், யாருடைய கடை என்று நான் சொல்லவே இல்லை! ஆனால் நாளாக ஆக அது எங்கள் கடையாகிவிட்டது. தீபாவளிக்கு முந்திய கிழமை எத்தனை பேர் வந்து மொய்ப்பார்கள், எந்தச் சேலை முதலில் தீரும் என்றெல்லாம் அளந்து விடுவேன். பசறை றோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில், அப்பா செத்த பிறகு தனியாளாகக் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டாம் வருடத்தில் வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடம் வந்தது. அதைப் படிப்பித்த மிஸ்ஸுக்கு எங்கள் துறையில் தனி மரியாதை. "துரைமார் எழுதி வச்சத நூறு வருஷமா படிச்சாச்சு. கொழுந்தெடுக்கிறவங்க சொல்றத யார் எழுதப் போறது?" என்று கேட்பார். எல்லோருக்கும் முன்னால் நான்தான் பலமாகத் தலையாட்டினேன். என் முகரைக்கு!

நேர்காணலுக்கு ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. புறப்படுகிற காலையில் அந்தப் பக்கம் மண் சரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. மிஸ் பஸ்ஸிலேயே எழுந்து நின்று, "வேற இடம் கேட்டு அனுமதி எடுத்துட்டேன்" என்றார். பஸ் பதுளையைத் தாண்டிப் பசறை வளைவுகளில் ஏறியது. எங்கள் தோட்டத்துச் சந்தியில் அது திரும்பியதும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். தேயிலை அரைக்கிற இஸ்டோர் தாண்டும் வரைக்கும் கட்டினேன்.

மலையில் இறங்கியதும் மிஸ் இரண்டு பேருக்கு ஓர் ஆள் என்று பிரித்துவிட்டார். சுதாகரிடம் டேப் ரெக்கார்டர், என் கையில் கேள்வித்தாள். தெரிந்த முகம் இல்லாத தேயிலை நிரையாகப் பார்த்து அவனை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அங்கேதான் அம்மா நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. பக்கத்து நிரையில் மாரியாயி அத்தை. எங்களுக்கு அடுத்த காம்பரா. என்னைக் கண்டதும் அத்தைக்கு வாயெல்லாம் பல்லு. "அடியாத்தி, இது நம்ம..." என்று ஆரம்பித்தாள்.

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதை அம்மா பார்த்துவிட்டாள். "ஏய், நெரைய முடிடி, கணக்கப்புள்ள வர்றாரு" என்று அத்தையை அதட்டினாள். பிறகு என்னிடம் திரும்பி, "வாங்க சார். என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றாள்.

நான் கேட்டேன். கூசாமல் கேட்டேன். பிள்ளைகள் எத்தனை? "ஒரே மகன் சார். படிக்கிறான்." எங்க படிக்கிறார் என்று சுதாகர் குறுக்கே கேட்டான். "தூரத்துல தம்பி" என்றாள். அவன் அவளுக்குத் தம்பி, நான் சார்.

அடுத்த கேள்வி, கூடப் பிறந்தவர்கள். எனக்குத் தெரிந்து அம்மாவுக்கு யாரும் இல்லை. அவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஒரு அக்கா இருந்திச்சு சார். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புற லிஸ்ட்டுல பேரு வந்து எங்க வீட்டுல எல்லாரும் கெளம்புனாங்க. பதுளை ஸ்டேசன்ல ஒரே அழுக. அக்கா ரயில்ல ஏறுனிச்சு. நானுந்தான் ஏறுனேன்."

இருபது வருடம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். அம்மா அந்த ரயிலில் ஏறினாள் என்று அப்போதுதான் கேள்விப்படுகிறேன். "அப்பறம்?" என்றேன். கீழே நிறுவைக்குக் கூப்பிட்டார்கள். "கொழுந்து நிறுக்கணும் சார்" என்று கூடையைச் சரிபண்ணிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒப்படைக்கு முடிவு வேண்டுமே. நானே எழுதினேன். தெமோதரையில் ரயில் நின்றபோது இந்த மண்ணை விட்டுப் போக மனம் வராமல் இறங்கிவிட்டதாக அம்மா சொல்கிறாள், மலையைப் பார்த்துக் கும்பிடுகிறாள். அட கண்றாவியே! மழைக்கு ஒழுகுகிற கூரையும் அட்டைக் கடியுமாகக் கிடந்தவள் மண்ணைப் பற்றி ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. மிஸ் வகுப்பில் அந்தப் பத்தியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அந்த வருடம் எனக்குத்தான் அதிகப் புள்ளி. சுதாகர் அந்தக் கசெட்டில் பிறகு சினிமாப் பாட்டு பதிந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

லீவுக்கு வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா, ரயில்ல ஏறுனேன்னியே, அப்பறம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அது அந்த சாரு கேட்டாருன்னு சொன்னது. ஒனக்கு என்னத்துக்கு அதெல்லாம்? இன்னொரு ரொட்டி வைக்கவா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, பதுளையில் வீடெடுத்து அவளைக் கூட்டி வந்த பிறகும் இரண்டு தடவை கேட்டேன். "அதெல்லாம் மறந்து போச்சுப்பா" என்றாள். கடைசி வரைக்கும் என்னிடம் பாசமாகத்தான் இருந்தாள். அதுதான் இன்னும் குத்துகிறது.

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து, தோட்டத்துக்குப் போய் மாரியாயி அத்தையிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கு மலையில ஒன்ன நம்ம புள்ளன்னு சொல்ல வந்தேன், ஒங்கம்மா தடுத்துட்டா. அவ சொல்லாதத நான் எப்படிப்பா சொல்றது?" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அத்தையும் போய்விட்டாள்.

இப்போது அந்த லயத்தில் பாதி இடிந்து கிடக்கிறது. அம்மா நின்ற மலையில் தேயிலையை மூடி மானாப்புல் வளர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. எந்த ராஜாவுக்கு எத்தனை ராணி என்று கேட்டாலும் பெயரோடு சொல்லுவேன். எனக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்திருக்கிறாள். அன்றைக்கு அந்த நேர்காணல் எப்போதடா முடியும் என்று நின்ற அவசரத்தில், அவள் பெயரை நான் கேட்கவில்லை.