பங்குனியில் போட்ட மார்க்

முக்கிய சேவிகா என்று அந்த உத்தியோகத்துக்குப் பேர் வைத்தவர் அமராவதியின் கால்களைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு ஊர்ப் பால்வாடிகளை அவள் மேற்பார்வை பார்க்க வேண்டும். பஸ் போவதோ மூன்று ஊருக்கு, மற்றதெல்லாம் நடைதான். திருவரங்குளத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் தாலியறுத்து, அண்ணன் வீட்டில் பத்து வருஷம் சோறு பொங்கிப் போட்ட பிறகு கிடைத்த வேலை. அதனால் குறை சொல்லாமல் நடந்தாள். 1963-ல் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. குதிகால் வெடிப்புக்கு அறுபது.

அந்தப் பங்குனியில் யூனியன் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. ஓலைக்குடிக்கும் கருவக்குடிக்கும் இரண்டு மைல்தான், இரண்டு பால்வாடி எதற்கு? நேரில் பார்த்து ஐம்பதுக்கு மார்க் போட்டு மார்ச் முடிவதற்குள் அனுப்பவும், மார்க் குறைந்தது மூடப்படும். இன்னார் பிழைப்பைக் கெடு என்று யாரும் எழுதவில்லை. ஒப்பிடு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

ஓலைக்குடியில் அழகம்மாள், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். தலைவாரிப் பொட்டு வைத்த இருபத்தாறு பிள்ளைகள், சுவரில் காய்கறிப் படம், அடித்தல் திருத்தல் இல்லாத ரிஜிஸ்தர். பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். அமராவதி நாற்பத்தொன்று போட்டாள்.

கருவக்குடிப் பால்வாடி, அதை நடத்திவந்த பொன்னுத்தாயின் மாட்டுக்கொட்டகை. மாடு செத்த வருஷம் மெழுகிக் கொடுத்தாள். சேர்க்கிற வயதுப் பிள்ளைகள் ஏழு பேர்தான் இருந்தார்கள். விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள், இரண்டில் கைக்குழந்தைகள். மூன்று வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது என்பது சட்டம். அமராவதி உள்ளே போனபோது செவந்தி என்ற நாலு வயதுப் பெண் வணக்கம் சொல்லாமல் மூக்கை நோண்டிக்கொண்டு நின்றாள். வணக்கத்துக்கு உண்டான இரண்டு மார்க்கும் அதில் போயிற்று. மொத்தம் பத்தொன்பது.

பொன்னுத்தாய்க்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் எதிராளியின் முகத்தைப் படிக்க வரும். தெருமுக்கு வரைக்கும் கூடவே வந்தாள்.

"பங்குனியில வந்து எண்ணுறீங்களேம்மா. இப்ப வேலை ஏது? தாயெல்லாம் வீட்ல இருக்கா, பிள்ளைய ஏன் அனுப்புவா? ஐப்பசி நடவுக்கு வாங்க, அப்பப் போடுங்க மார்க்கை."

"மார்ச்சுக்குள்ளதான் கேக்குறாங்க, பொன்னுத்தாயி," என்றாள் அமராவதி.

அலுப்பில் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு ஒன்பது மைல் நடந்திருந்தாள். பொன்னுத்தாய் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பினாள். ஆனியில் கருவக்குடிப் பால்வாடி மூடப்பட்டது.

ஐப்பசியில் மழை பிடித்து, கண்மாய் பெருகி, நடவு தொடங்கியது. அமராவதி ஓலைக்குடிக்குப் போனாள். இருபத்தாறு பேர் இருந்த இடத்தில் ஆறு பேர், ஆறும் பையன்கள். பொட்டைப்பிள்ளைகள் எங்கே என்று கேட்டதற்கு, தாய்மார் நடவுக்குப் போய்விட்டார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காக்காரி வீட்டில் இருக்க வேண்டுமே என்றாள் அழகம்மாள். கைக்குழந்தையை இங்கே சேர்க்கச் சட்டமில்லையே என்றும் சொன்னாள். அவள் மேல் என்ன குற்றம்? சட்டத்தை அவளுக்குப் படித்துச் சொன்னதே அமராவதிதான்.

கருவக்குடி வழியாகத் திரும்பினாள். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் முழங்கால் சேற்றில் நின்றவள் பொன்னுத்தாய். வரப்பில் செவந்தி நின்றாள். தன்னில் பாதி கனம் இருக்கும் தம்பியை இடுப்பில் இடுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். அமராவதியைக் கண்டதும் தம்பியை மெதுவாக ஈர வரப்பில் உட்காரவைத்தாள். நிமிர்ந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"வணக்கம் டீச்சர்."

தம்பி சேற்றுப் பக்கம் சரிந்தான். மறுபடி அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அமராவதிக்கு அவமானமாக இருந்தது. நடவுக்கார அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி, பன்னிரண்டு ஊர் சுற்றியவளுக்குத் தெரியாமல் போயிற்று. கைக்குழந்தைக்குத் தூளி இருந்தால்தான் அக்காக்காரி பால்வாடிக்கு வருவாள். பொன்னுத்தாய் சட்டத்தை மீறியதால்தான் அவள் பள்ளிக்கூடம் நடந்தது. பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நாற்று முடியைப் பிரித்து நட ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அன்றே ஆபீசுக்கு எழுதினாள்: ஒப்பிட்ட மாதம் தவறு, தவறு என்னுடையது, நடவுக் காலத்தில் மறுபடி பார்க்க உத்தரவு வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் ஊதுகிற சங்கை ஊதிவைத்தாள். தை மாதம் பதில் வந்தது: கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, ஒப்பீடு வழக்கம்போல் மார்ச்சில் நடைபெறும்.

அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நடக்க மட்டும்தான். அடுத்த ஐப்பசியில், சேர்த்து வைத்திருந்த லீவில் இருபது நாள் எடுத்தாள். விடியற்காலையில் கருவக்குடிக்கு நடந்து போய்ப் பொன்னுத்தாய் வீட்டுக் கதவைத் தட்டி, கொட்டகையைத் திறக்கச் சொன்னாள். பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய சேலைகளை எடுத்து வந்தாள்.

"தூளி கட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது என்றாள் அமராவதி. பொன்னுத்தாய் முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டு நடவுக்குப் போனாள். சற்று நேரத்தில் செவந்தி வந்தாள். தம்பியைத் தூளியில் போட்டுவிட்டு, வெறும் இடுப்போடு முற்றத்தில் ஓடினாள்.

லீவுத் தாளில் எதற்கு என்று கேட்டிருந்த இடத்தில் கால் வலி என்று எழுதியிருந்தாள் அமராவதி. அது பொய்யும் இல்லை.