பத்தொன்பது கிலோமீட்டர் குறைச்சல்

அலுவலகத்தில் அவருக்கு ‘அளவுகோல்’ என்று பட்டப்பெயர். விடுப்புப் பிரிவு குமாஸ்தா. வெளிநாடு போகிறவர்களுக்கு அங்கே ஒரு விதி உண்டு: இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், பயணத்துக்கென்று இரண்டு நாள் கூடுதல் விடுப்பு. அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இணையத்தில் தட்டினால் நொடியில் வந்துவிடும்தான். ஆனால் கையால் போடாத கணக்கைக் கட்டின மனைவி சொன்னாலும் மனுஷர் நம்பமாட்டார். தேசப்படப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தேடி, கால்குலேட்டரில் சைன், கோசைன் என்று தட்டி, பூமி உருண்டை என்பதை மறக்காமல் விடை எழுதுவார். அரைக் கிலோமீட்டரைக்கூட முழுசாக்க மாட்டார். அப்படியொரு உடும்புப்பிடி.

அவரிடம்தான் வந்தது லிஃப்ட் அக்காவின் விண்ணப்பம். இருபது வருஷமாக ஏழு மாடியும் ஏறி இறங்கி, விமானம் மட்டும் ஏறாத அக்கா. அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் டிக்கெட் அனுப்பிவிட்டார், கிளம்பும் தேதியை மாற்ற வழியில்லை. டாக்டர் குறித்த நாளோ அதிலிருந்து பதினோராவது நாள். அக்காவிடம் மிச்சமிருந்த விடுப்பு பத்தே நாள்.

கணக்குப் போட்டார். 5,981. மறுபடி போட்டார். அதே 5,981.

“பத்தொன்பதுதானே, மேல போட்டு எழுதுங்க. யாரு போய் அளக்கப் போறா?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“நான் அளந்தாச்சே,” என்றார் அளவுகோல். சொல்லிவிட்டாரே தவிர, விண்ணப்பத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவைத்தார். தினமும் சிரித்த முகமாய்க் கதவு திறந்துவிடுகிறவள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

லிஃப்டில் மூன்றாம் மாடி தாண்டும்போது சொன்னார். “பத்தொன்பது கிலோமீட்டர் குறையுதுக்கா. மன்னிச்சிடுங்க.”

அக்கா முகம் வாடிப்போனது. ஆனாலும் சும்மா விடுகிறவளா? “எதுவரைக்கும் சார் அளந்தீங்க?”

“உங்க பொண்ணு இருக்கிற ஊர் வரைக்கும்.”

“ஊருக்குள்ள எங்க சார் பிளேன் இறங்குது? ஏர்போர்ட்டு ஊரைத் தாண்டி அந்தக் கோடியில இருக்காம். கூட்டிட்டு வரவே ஒரு மணி நேரம் ஆகும்னு மாப்பிள்ளை அலுத்துக்கிறாரு.”

அளவுகோலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேசப்படப் புத்தகத்தில் ஊர்கள்தான் உண்டு, விமான நிலையங்கள் ஏது? ஒன்பது வருஷமாக அவர் விமானங்களை நடுத்தெருவில் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

“மறுபடி என் மாடிக்கே விடுங்கக்கா!” என்று தன் மேசைக்குத் திரும்பி ஓடினார். இரண்டு விமான நிலையங்களின் சரியான இடத்தையும் தேடியெடுத்து, வேர்க்க விறுவிறுக்கக் கணக்குப் போட்டார். 6,008. சந்தேகத்துக்கு மூன்று முறை. அதே 6,008. ‘முந்தைய பிழை என்னுடையது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டபோது அவருக்கு வந்த சந்தோஷம், பதவி உயர்வு வந்தபோதுகூட வரவில்லை. பிறகு உட்கார்ந்து பழைய கோப்புகளையெல்லாம் சரிபார்த்தார். நல்லவேளை, வேறு யாரும் எல்லையை ஒட்டி மாட்டவில்லை.

பதினோராம் நாள் காலை அவர் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அக்காவின் கையில் ஒரு துணிச்சுருள், அதற்குள் ஒரு குட்டி மூக்கு. கீழே எழுதியிருந்தாள்:

“பேத்தி சார். ரெண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பத்தோரு கிராம். எல்லாரும் மூணு கிலோன்றாங்க. நான் விடல.”