சனம் ஏற்றும் விமானம்

இன்று காலை 7.40க்கு, கொழும்பில் விமானம் திருத்தப் படிக்கும் மகள், பழைய விசிறி விமானமொன்றின் இரைச்சலைப் போனில் கேட்க வைத்தாள். அந்த இரைச்சல் எனக்குத் தெரியும்; போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தேன்.

அப்பாவும் இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் திருத்தியவர். இனக்கலவரத்தில் வேலையிழந்து மன்னாருக்குத் திரும்பியவர். போர் நாட்களில் பதுங்குகுழிக்குள் கண்ணை மூடி, இரைச்சலை வைத்தே எந்த விமானமென்று சொல்வார். அவர் சொன்ன பிறகே அயலவர்கள் வெளியே வருவார்கள்.

ஒருநாள், "இது சனம் ஏத்திற பிளேன். நானே எஞ்சின் பூட்டினனான். பயமில்லை" என்றார்.

"அப்ப எனக்கொரு டிக்கெட் எடுத்துத் தாங்கோ அப்பா" என்று சிரித்தபடி அக்கா உலை பார்க்க ஏறிப்போனாள்.

அந்த விமானத்தில் குண்டேற்றி அனுப்பியிருந்தார்கள். அக்கா அடுப்படியிலேயே போய்விட்டாள். அதன் பிறகு எந்த இரைச்சல் கேட்டாலும் அப்பா காதுகளைப் பொத்திக்கொள்வார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. "அப்பப்பா எண்டா உடன கண்டுபிடிச்சிருப்பார், என்னப்பா?" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.