காலையில் கிளம்பாத வேன்

கிள்ளானில் நான் மருமகளாகப் போய்ச் சேர்ந்த வீட்டில் காலையில் என்னை எழுப்பிவிட்டது ஒரு வேனின் இருமல்தான். சாவியைத் திருப்பியதும் அது குலுங்கும், செருமும், பிடித்துக்கொண்டதுபோல ஒரு கணம் ஓடி உடம்பை உதறிவிட்டு நின்றுவிடும். மாமனார் விடமாட்டார். பெட்ரோல் வாடை வீடு முழுக்கப் பரவும்வரை பெடலை மிதித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் அது பெரிய புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெறும். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பின்பக்கம் எஞ்சின் வைத்த பழைய கேம்பர் வேன் அது. உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து மாமனார் வாங்கியிருந்தார். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துபோயிருந்தது. நெடுநேரம் உட்கார முடியாது. படுத்தபடியே தைப்பிங் வரை போய்த் தன் தங்கையைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் வேன். இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி சொல்லப்போவதை வைத்து என் மாமனாரை அன்பில்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதிலேயே ஆயுள் கழிந்ததால், எதிலும் ஏதோ ஒளிந்திருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு ஊறிப்போயிருந்தது. பாசாரில் மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால், கேட்காமலே ஏன் காட்டுகிறான் என்று யோசிப்பார். நான் தேநீரில் சீனி குறைத்தால்கூட, யார் சொல்லிக் குறைத்தாய் என்பார். வேன் வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. முதல் முறை பட்டறைக்கு விட்டபோது, உள்ளே இருக்கும் நல்ல சாமானை மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் திருகுகள்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்துக் கொடுத்தார். பார்சல்களுக்கு வைத்த அதே கை, அதே அரக்கு. வேன் திரும்பி வந்த மறுநாள் காலையிலிருந்து இருமல் தொடங்கியது.

முத்திரை உடையவில்லை. ஆகவே பட்டறைக்காரர் தப்பித்தார் என்று நினைக்க வேண்டாம். உடைக்காமல் எப்படி எடுத்தான் என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. நாங்கள் மத்தியானம் வண்டியைக் கொண்டுபோனால் அது பூனைக்குட்டி மாதிரி நிற்கும். "இப்ப நல்லாத்தானே இருக்கு அங்கிள். ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. காலைல குளிர்ந்த எஞ்சினை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்லா" என்று பட்டறைக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். மாமனார் என் பக்கம் திரும்பி, "ராத்திரி விடச் சொல்றான், பாத்தியா?" என்பார். காலையில் மட்டுமே வரும் நோய். வைத்தியரோ பகலில் மட்டும்தான் பார்க்கலாம். இப்படியே மாதங்கள் ஓடின.

பிறகு சந்தேகம் வேலி தாண்டியது. பக்கத்து வீட்டில் ஒரு லோரி ஓட்டுநர் இருந்தார். இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடிந்து தூங்கப் போகிறவர். எங்கள் வேனின் புகை நேரே அவர் படுக்கை ஜன்னலுக்குள் போனது. ஒரு முறை வந்து நயமாகத்தான் சொன்னார். அது போதுமாக இருந்தது மாமனாருக்கு. பெட்ரோல் டாங்கி மூடிக்குப் பூட்டு வந்தது. அப்படியும் இருமல் நிற்காததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கேட்கும்படி, "என் டாங்கியில தண்ணி ஊத்துறது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று வேலியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

லோரி அண்ணன் கைலியோடு வெளியே வந்தார். "அண்ணே, எனக்குத் தண்ணி ஊத்தணும்னு இருந்தா உங்க மூஞ்சியிலதான் ஊத்தியிருப்பேன். டாங்கியில எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவோடு இன்னொன்றும் சாத்திக்கொண்டது. என் கணவருக்கு ஜொகூரில் வேலை. நானும் பகலில் ஆபீசுக்குப் போய்விடுவேன். அந்த நேரத்தில் மாமியாருக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பேச்சுத்துணையாக இருந்தவர் லோரி அண்ணனின் மனைவி. அவர் வருவது நின்றுபோனது. சாயங்காலம் நான் திரும்பும்போது மாமியார் சிக்குப் பிடித்த தலையோடு வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீசுக்குப் போகும் வழியில் பட்டறைக்காரரிடம் போய், மாமா ராத்திரி வண்டியை விட மாட்டார், நான் வீட்டிலேயே எதைப் பார்க்கட்டும் என்று கேட்டேன். "கார்புரேட்டர் வாயில காத்தைக் குறைக்கிற ஒரு தகடு இருக்கும்க்கா. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெடலை ஒரு தடவை மிதிச்சா அது மூடிக்கணும். மூடுதான்னு பாருங்க" என்றார்.

மறுநாள் காலை மாமனார் எழுவதற்குள் பார்த்தேன். பெடலை மிதித்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தால் தகடு திறந்தே இருந்தது. விரலால் தள்ளினேன், அசையவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தகட்டின் அச்சில் சிவப்பாக ஒட்டியிருந்தது தெரிந்தது. திருகின்மேல் வைத்த அரக்கின் ஓரம் எஞ்சின் சூட்டில் இளகி அச்சுக்குள் வழிந்திருக்கிறது. சூடாக இருக்கும்வரை தகட்டை ஆட விட்டிருக்கிறது. இரவில் குளிர்ந்ததும் திறந்த நிலையிலேயே இறுக்கிப் பிடித்திருக்கிறது. கொண்டை ஊசியால் சுரண்டினேன். தகடு டக்கென்று மூடியது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வேன் ஓடத் தொடங்கியது.

அந்தச் சத்தம் கேட்டு மாமனார் பனியனோடு ஓடிவந்தார். என் உள்ளங்கையில் இருந்த அரக்குத் துண்டுகளை நெடுநேரம் பார்த்தார். "பக்கத்து வீட்டுல சொல்லிடுங்க மாமா" என்றேன்.

"அவன் செய்யலன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றார். "ஆனா செய்யக்கூடிய ஆள்தான்."

அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் தைப்பிங் புறப்படப் படுக்கையை விரித்து, மாமியாரை வாசல்வரை தாங்கிக்கொண்டு வந்தோம். வேன் கதவருகே வந்ததும் அவர் இடது கையால் என் தோளை இறுகப் பிடித்து நின்றுவிட்டார். வாய் கோணினாலும் சொல் தெளிவாக வந்தது. "ஏங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஏறுறேன்."

மாமனார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேனா என்று அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமியார் அசைவதாக இல்லை. பிறகு மாமனார் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னார். குரல் எங்கள்வரை வரவில்லை. ஒரு முறை கையால் கார்புரேட்டரைக் காட்டுவதுபோல் வட்டம் போட்டார். லோரி அண்ணன் வேலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரைத் தாண்டி நேரே எங்களிடம் வந்தார். மாமியாரை வேனில் ஏற்ற ஒரு கை கொடுத்து, குனிந்து அவர் காதருகே ஏதோ சொல்லிவிட்டு, மாமனாரைத் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்குள் போனார்.

இன்று நான் பொத்தானை அமுக்கினால் கார் கிளம்பிவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் இல்லை. அன்று நான் பின்னால் மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, மாமனார் கோலாலம்பூரைக் கடந்து ரவாங் தாண்டும்வரை ஓட்டினார். பிறகு பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"அவன் உன் காதுல என்ன சொன்னான்?"

"பாத்துப் போயிட்டு வாங்கக்கான்னு சொன்னாரு" என்றார் மாமியார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாமனார் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் திருப்பி, அதில் என் முகத்தைப் பார்த்தார்.