சங்கரன் சார் அளந்த வீடு

போன வாரம் நான்குவழிச் சாலையோரம் ஒரு கருப்பட்டிக் காபிக் கடையில் வண்டியை நிறுத்தினோம். இப்போது இந்தப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் கருப்பட்டிக் காபிதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சர்க்கரைக்கு இது நல்லதாம்" என்று தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளரும் வாங்கினார். அடுப்புக்குப் பின்னால் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அடுக்கியிருந்தது. கொஞ்சம் ஓலை, கொஞ்சம் புகை, கொஞ்சம் புளிப்பு கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் நடை ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் நான் குடியிருந்ததில்லை. சொந்தக்காரர் வீடும் இல்லை. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைப் பற்றித் தாளைப் பார்க்காமல் கால் மணி நேரம் பேசுவேன்.

அந்தத் தகுதி எப்படி வந்தது என்றால், முதலில் என் வேலை போன கதையைச் சொல்ல வேண்டும். போனது என்ன, நானேதான் கையெழுத்துப் போட்டேன். டெலிபோன் இலாகாவில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். ஒரே நாளில் ஆபீஸில் பாதி நாற்காலி காலியானது. ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு சால்வையும் கிடைத்தன. வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு உலை வைத்தேன். துக்கமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. மறுநாளும் அப்படியே இருந்தது, மறு மாதமும் அப்படியே. கால் மரத்துப்போனால் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்பில்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், இருக்கலாம் என்பேன். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றார். எனக்கும் அதுதானே புகார், ஒன்றுமே இல்லை.

காலையில் நடக்கப் போகும் மைதானத்து வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நம் ஊர்ப் பழைய கட்டடங்களை மக்களுக்குச் சுற்றிக்காட்டத் தன்னார்வலர்கள் தேவை, பயிற்சி தரப்படும் என்றிருந்தது. வீட்டில் சொன்னதும் அவர், "இத்தன வருசம் 'லைன்ல இருங்க'ன்னு சொன்ன. இனிமே 'லைன்ல வாங்க'ன்னு சொல்லப் போற" என்றார். பேர் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி கொடுத்தது தீபா என்ற கட்டடக்கலை படித்த பெண். மதுரைக்காரி, என் மகள் வயதிருக்கும். முதல் நாள், உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். ஓய்வு பெற்ற வாத்தியார், கல்லூரிப் பையன், நான் என்று எல்லோரும் சொன்னோம். எல்லாக் கட்டடத்திலும் கடைசியில் ஒரு சுரங்கம் வந்தது. சர்வே இலாகாவில் ஓய்வு பெற்ற சங்கரன் சார் சொன்ன சுரங்கம்தான் நீளம். அது கோயிலில் இறங்கிக் கொற்கை வரைக்கும் போனது.

"கொற்கை வரைக்குமா சார்?" என்று தீபா கேட்டாள்.

"பின்னே? பாண்டியன் அவ்வளவு தூரம் நடந்தா போவான்?"

"சுரங்கத்துலயும் நடந்துதானே சார் போகணும்?"

சார் யோசித்தார். அன்றிலிருந்து பயிற்சியில் சுரங்கத்துக்குத் தடை. 'ஆயிரம் வருஷத்துக் கட்டடம்' என்பதற்கும் தடை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகச் சொன்னாள். அதுதான் எங்கள் எல்லோருக்கும் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்கவும் பழக வேண்டும். நான் மொட்டைமாடியில் பழகினேன், காயப்போட்ட வடகத்தின்மேல் நடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டிப்போய், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குள் வெளிச்சம் எங்கிருந்து இறங்குகிறது என்று காட்டினாள். நான் வெளிச்சத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், வரும்போது அப்பளக்கட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டுக்கும் மனசில் ஒரே இடம்தான் கிடைத்தது. என்னைப் பேசவிட்டுக் கேட்ட தீபா, "ஆன்ட்டி, தகவல் எல்லாம் சரி. ஆனா நீங்க சொல்றப்போ, இந்த வீடு தற்போது உபயோகத்தில் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெலிபோனில் அத்தனை வருடம் ஒரே சுருதியில் பேசிய குரல், அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

அப்புறம் ஆளுக்கு ஒரு கட்டடம் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் எடுத்தது மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்த மாடி வீடு. ஜன்னலுக்கு மேல் விசிறி மாதிரி விரிந்த வண்ணக் கண்ணாடி, மாடியில் மரப்பட்டி அடித்த முகப்பு, சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசிய, முட்டை ஓடு போல வழவழத்த சுவர். கதவைத் தட்டினேன். எழுபதைத் தாண்டிய ஒருவர் தோளில் துண்டோடு வந்தார். செல்லையா அண்ணாச்சி. மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தார்.

"எதுன்னாலும் உள்ள வந்து சொல்லுங்கம்மா. வெயில்ல நிக்காதிய."

வீட்டைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"பாக்கவா, வாங்கவா?"

"பாக்க மட்டுந்தான் அண்ணாச்சி."

"பாத்து?"

"நாலு பேருக்குச் சொல்லப் போறேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சொல்லுங்க. கரையான் இருக்கதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார்.

வீட்டைக் கட்டியது அண்ணாச்சியின் தாத்தா. ராதாபுரம் பக்கத்திலிருந்து கருப்பட்டி வாங்கி வந்து விற்றவர். நடை முழுக்கச் சிப்பம் சிப்பமாக அடுக்கியிருப்பார்களாம். வியாபாரம் நின்று இரண்டு தலைமுறை ஆகியும் வாசனை மட்டும் போகவில்லை. அண்ணாச்சிக்கு அந்த வீட்டின்மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. மழைக்கு ஒழுகும், மாடிப்படி அவருக்கு ஏற முடியாது. "ரெண்டும் பொம்பளப் பிள்ளைய. எனக்குப் பொறவு இத வித்துப் பங்கு வச்சுக்கிடும்" என்பார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போனேன். உத்தரத்தைப் பார்ப்பேன், தரையில் பதித்த பூக்கல்லைப் பார்ப்பேன், அவர் மனைவியோடு கொஞ்ச நேரம் வெங்காயம் உரிப்பேன். அந்த நாட்களில் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. அதற்குமேல் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன்.

வருகிறவர்களுக்குக் கொடுக்க வீட்டின் வரைபடம் ஒன்று இருந்தால் நல்லது என்றாள் தீபா. சங்கரன் சார் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றான். வீட்டிலிருந்து சொந்த டேப்பே கொண்டுவந்தார். அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, "தாராளமா அளந்துக்கிடுங்க" என்றார். நான் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தேன். சார் மறு நுனியில் போய், டேப் முடிகிற இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் சுவரில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் அளவையும் எழுதினார். தெருப்பக்கச் சுவரில்.

"எதுக்கு சார் இது?"

"பின்னால வாரவனுக்குத் தெரியணும்லா."

பின்னால் யாரும் வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் போட்டிருக்கிறது, அளந்தால் அம்புக்குறி. காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளியூர்க்காரராக இருந்தால் உங்களுக்கு இதில் என்ன என்றிருக்கும். ரோட்டை அகலப்படுத்துவதற்கு முன்னால் எங்கள் பக்கம் இப்படித்தான் வருவார்கள். டேப் பிடிப்பார்கள், சிவப்பில் அம்புக்குறி போடுவார்கள், போவார்கள். கொஞ்ச நாளில் ஜே.சி.பி. வரும். பக்கத்துத் தெருவில் பல பேருக்கு முன்னறை போனது அப்படித்தான். அதனால் அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடையடைத்து வந்தபோது வீட்டு வாசலில் தெருவே நின்றது. பழைய மரம் வாங்கி விற்கிற ஒருவன் விளக்கமாகவே சொல்லியிருக்கிறான். ரோடு இல்லையாம், பாரம்பரியக் கட்டடம் என்று எடுக்கப்போகிறார்களாம். போர்டு மாட்டிவிட்டால் ஒரு ஆணி அடிக்கக்கூட அரசாங்கத்திடம் கேட்க வேண்டுமாம். அப்புறம் அந்த வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராதாம்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அம்புக்குறி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச்சொல்லவில்லை.

"யம்மா, நீங்க டெலிபோன் ஆபீஸ்லதான இருந்திய? அது கவர்மெண்டுதான?"

"இப்ப ரிட்டையர் ஆயாச்சு அண்ணாச்சி."

"அளந்தவாளு சர்வே ஆபீஸாம்லா?"

"அவாளும் ரிட்டையர்தான். சும்மா ஒரு படம் போட அளந்தோம்."

"சும்மா யாராது அடுத்தவன் வீட்ட அளப்பாவளா?"

முந்தானையால் அம்புக்குறியைத் துடைத்தேன். அந்த வழவழப்பான சுவரில் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவியது.

"அழிச்சா போயிருமா? ரெண்டு பிள்ளைக்கும் இத விட்டா ஒண்ணுமில்லம்மா" என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அவர் கையைப் பிடித்திருப்பாள், பிள்ளைகள்மேல் சத்தியம் செய்திருப்பாள், அழுதிருப்பாள். நான், "அப்படி எதுவும் நடக்காது அண்ணாச்சி. பயப்படாதிய" என்றேன். எந்தக் குரலில் சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் முயற்சி செய்யவும் என்கிற குரல். அந்தக் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன்.

தீபா நேரில் போய், குழுவின் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்தாள். முத்திரை வேறு இருந்தது, அரசாங்கம்தான் என்று நம்ப அது போதாதா? சங்கரன் சார் மனசு கேட்காமல் தானும் போனார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஒரு கட்டடத்தைச் சட்டப்படி எடுப்பதென்றால் என்னென்ன நோட்டீஸ் வரும் என்று வரிசையாக விளக்கிவிட்டு வந்தார். அதெல்லாம் வரவில்லை பாருங்கள் என்று காட்டுவதற்காகத்தான் சொன்னாராம்.

கொஞ்ச நாளில் சார் போன் செய்தார். "வீட்ட இறக்குதாவ" என்றார். போனேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தன. அந்தப் பழைய மரக்கடைக்காரன் உத்தரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலி மனையாகக் கொடுத்தால் எவனும் கேள்வி கேட்க மாட்டான் என்று அவன்தான் அண்ணாச்சிக்குச் சொன்னானாம். சுண்ணாம்புச் சுவர் லேசில் விழவில்லை, கடப்பாரை போட்டவர்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பிளந்த சுவரைப் பார்த்து, நான் மனப்பாடம் செய்திருந்த கனம் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்களைக் கூட்டிப்போய்க் கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் எங்கள் முதல் நடை, அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அந்த இடத்தை விட்டுடலாம் ஆன்ட்டி" என்றாள் தீபா. "அச்சடிச்ச தாள்ல இருக்கே" என்றேன். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தவர்களைக் காலி மனைக்கு முன் நிறுத்தினேன். இங்கே வாசல், இங்கே நடை, இதற்குமேல் மாடி என்று சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கரையானையும் சொன்னேன். கை தட்டினார்கள். தீபா அவர்களைத் தேவாலயத்துப் பக்கம் கூட்டிப்போனாள்.

எதிர்வீட்டு நிழலிலிருந்து அண்ணாச்சி வந்தார். காலையிலிருந்தே அங்கே நின்றிருக்கிறார்.

"ஆபீசர் யாரும் வரலியா?"

"இல்ல அண்ணாச்சி."

"போர்டு?"

"போர்டெல்லாம் கிடையாது."

தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள், யாரோ பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"அப்ப இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்குத்தான் அளந்தியளா?"

"ஆமா அண்ணாச்சி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் சொன்னிய" என்றார். பைய நடந்து போனார்.

நான் கூட்டத்தோடு போகவில்லை. அந்த மனைக்கு முன்னாலேயே நின்றேன். எனக்கு வலித்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நெஞ்சில் இன்ன இடம் என்று காட்டும்படி வலித்தது.

அண்ணாச்சி மனையை விற்றுப் பங்கு வைத்துவிட்டு மூத்த மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது அங்கே ஜவுளிக்கடைக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. எங்கள் நடை இன்னும் நடக்கிறது, கோயில், தேவாலயம், ஆற்று மண்டபம் என்று. ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. ஆறு மாதத்துக்கு முன் அந்தத் தெரு வழியாக வந்தேன். மிச்சமிருந்த ஒரே பழைய மாடி வீட்டை நின்று அண்ணாந்து பார்த்தேன், ஒரு நிமிடம்கூட இருக்காது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். யார், என்ன வேணும் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு எட்டிச் சுவரைப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.