சண்டைக்குப் போகாத பிரிவு

என் தம்பி ராணுவத்தில் சேரப்போவதாகச் சொன்னபோது எங்கள் ஊரப்பாக்கம் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. போகாதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. யூனிஃபார்ம் வேண்டும், மிலிட்டரிக்காரன் வீடு என்ற மரியாதை வேண்டும். குண்டு மட்டும் ஊரான் வீட்டுப் பிள்ளை மேல் படவேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஹாலில் உட்கார்ந்து பிரிவு பிரிவாக அலசினோம். ஜிஎஸ்டி ரோட்டில் லாரி மோதினால் எந்த சீட்காரன் தப்பிப்பான் என்று பார்த்து பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கொடி பறக்கவிட்டிருந்த மாமாதான் எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

“ஜெனரல் டூட்டி போட்டா நேரா பார்டர்தான். டெக்னிக்கல் போடு. ரிப்பேர் பாத்துகினு உள்ளயே இருந்துடலாம்.”

“தாம்பரத்துலயே ஏர்ஃபோர்ஸ் இருக்கே மாமா?” என்று கேட்ட புத்திசாலி நான். வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ப் போர் செய்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதற்குத் தம்பியின் மார்க் போதவில்லை. ஆன்லைன் விண்ணப்பத்தில் மாமா காட்டிய இடத்தில் அவன் கிளிக் செய்தான்.

தேர்வாகி, அவனுக்கு ‘சிக்னல்ஸ்’ பிரிவு என்று தகவல் வந்தது. அப்பா தாம்பரம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“கேபின்ல உக்காந்து பாக்குற வேலைடா! நம்ம குடும்பத் தொழில்!”

தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். எதிர்வீட்டுப் பையன் காலாட்படையில் இருந்தான். அவனுடைய அம்மாவிடமும் போய், “உங்க பையன்தான் பாவம்” என்றார். அந்த அம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். பக்கத்தில் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றவன் நான். சே!

பயிற்சி முடிந்து தம்பியை எல்லைப் பக்கம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம்.

“கேபின்ல ஃபேன் எல்லாம் இருக்காடா?” என்றார் அப்பா.

தம்பி சிரித்துவிட்டான். “கேபினா? ரேடியோ செட்டு என் முதுகுலதாம்பா இருக்கு. காலாட்படைப் பசங்க கூடவே நடக்குறேன். ஆன்டெனா நீட்டிகினு நிக்குதுல்ல, எதிரி மொதல்ல தேடுறது அதைத் தூக்கினு போறவனத்தான்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்த செட்டை வேற யாராச்சும் பையன்கிட்ட குடுக்க முடியாதாடா?”



“யார்கிட்டப்பா?” என்றான் தம்பி.

அப்பா மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அதே கேள்வியைக் கேட்க நானும் வாயைத் திறந்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.