லத்தியில் வந்த புளியங்கொட்டை

“ஆனை லத்தியக் கிளறதுக்கெல்லாம் காலேஜ் எதுக்கு அம்மணி?”

உயிரியல் எடுத்துப் படிக்கப் போகிறேன் என்றதும் என் தாய்மாமன் இப்படித்தான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் அந்த லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, என்னை முதன்முதலாக மிதிக்க வைத்தவரே அவர்தான்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு விடியலில் யானை புகுந்து குலை தள்ளிய வாழைகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மாமன் யானையின் வம்சத்தையே திட்டினார். திட்டி முடித்த கையோடு, சூடு ஆறுவதற்குள் லத்தியை மிதிக்கவேண்டும் என்று என்னை இழுத்துப் போனார். மிதித்தால் பித்தவெடிப்பு வராதாம், கால் உறுதிப்படுமாம். வாழையைத் தின்ற யானைமேல் கோபம். அது போட்டதன்மேல் பக்தி.

உள்ளங்காலில் ஏதோ உறுத்தியது. குச்சியால் கிளறினேன். புளியங்கொட்டைகள். எங்கள் தோட்டத்தைச் சுற்றி எங்குமே புளியமரம் கிடையாது. பிறகு இவை எப்படி வந்தன என்று கேட்டேன்.

“பஸ் ஏறியா வந்திருக்கும்? ஆனை வயித்துல ஏறி வந்திருக்கும்” என்றார் மாமன்.

கொட்டைகளை வீட்டு வாசலில் கிடந்த உடைந்த குடமொன்றில் ஊன்றினேன். ஒன்றே ஒன்று முளைத்தது. பள்ளி விட்டால் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். பொழுது சாய்ந்ததும் அது இலைகளை மூடிக்கொள்ளும். யானை வயிற்றின் இருட்டு அதற்கு நினைவு வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. வாசலில் புளியமரம் வளர்ந்தால் பேய் குடிவரும் என்று பிடுங்க வந்தார். நான் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். கடைசியில் மாமன் அதைத் தூக்கிப்போய், மலையைப் பார்த்த வேலியோரம் நட்டுக் கொடுத்தார். பள்ளிக்குக் கிளம்புமுன் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன்.

அடுத்த மழைக்காலத்தில் யானை திரும்பவும் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால், கன்று நின்ற இடத்தில் முறம் அகலத்துக்கு ஒரு காலடி. கொண்டுவந்ததும் அதுதானே, அதுவே மிதிக்கலாமா என்று மாமனிடம் விம்மினேன்.

“நாம அதோடதுல கால் வெச்சோம். அது நம்மளோடதுல வெச்சுப்போட்டுது. சரியாப் போச்சு, உடு கண்ணு.”

அழுகையோடு சிரித்துவிட்டேன். யானை ஏன் அதே இடத்துக்கு வந்தது, நாங்கள் வேலி போடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. யார் வழியில் யார் நின்றோம் என்று தெரியாத வயது.

இந்த ஆண்டு வனஉயிரியல் முதுகலையில் சேர்ந்தேன். நேற்று சத்தியமங்கலம் காட்டில் முதல் களப்பணி. சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் நின்றபோது மாமன் போனில் கூப்பிட்டார். அங்கேயும் லத்தியை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று விசாரித்தார்.

“இல்லீங்க மாமா, கிளறப் போறேனுங்க. கிளவுஸ் போட்டாச்சு.”